தோழிக்கல்லும் பதினெட்டுத் தேங்காயும்

பொன்னங்கரட்டு மடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே சோறு போட்டவள் சிஷ்யை. அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவர் குரு.

சிஷ்யையின் பெயர் பாவாயி. வயது அறுபத்திரண்டு. அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் சத்துணவு போட்டு ஓய்வு பெற்று, இரண்டு வருடம் முன்பு மடத்துக்கு வந்தவள். குருவின் பெயர் கோகிலவாணி, மடத்தில் எல்லாருக்கும் வாணி சாமி. வயது முப்பத்தேழு. அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை, தட்டும் கையுமாக வரிசையில் நின்று பாவாயியின் கரண்டிக்குக் காத்திருந்த பிள்ளை.

குரு சிஷ்யையை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். சிஷ்யை குருவைச் சாமி என்பாள். கோபமோ சந்தோஷமோ வந்துவிட்டால் மட்டும் "கண்ணு" என்று பழைய வாய் வந்துவிடும். இரண்டு பேருமே அதைக் கண்டுகொள்வதில்லை.

பாவாயி நாலடி எட்டு அங்குலம். அதில் அந்த எட்டு அங்குலத்தை அவள் அழுத்திச் சொல்வாள். ஸ்டோர் ரூமின் மேல் தட்டில் இருக்கும் பருப்பு டப்பாவை எடுக்க முப்பத்து மூன்று வருடமும் எட்டாம் வகுப்புப் பையன்களைத்தான் கூப்பிட்டாள். பஸ்ஸில் மேல் கம்பி எட்டாது. பக்கத்தில் நிற்கிறவரின் பையைப் பிடித்துக்கொண்டு போய், இறங்கும்போது மன்னிப்புக் கேட்பாள்.

மடத்துக்குப் பின்னால் செங்குத்தான ஒரு பாறை. நாற்பது அடி உயரத்தில் அதில் ஒரு மாடம். கார்த்திகை தீபத்தன்று அந்த மாடத்தில் விளக்கு எரிய வேண்டும். மேலிருந்து இறங்க வழி கிடையாது, கீழிருந்து ஏறப் படி கிடையாது. மாடத்துக்கு மேலே பாறையில் அடித்த சட்டத்தில் ஒரு கப்பி. அதில் ஓடும் கயிற்றின் ஒரு முனையில் பிரம்புக் கூடை, மறு முனையில் ஒரு கல். கல்லுக்குத் தோழி என்று பெயர். மடத்தை உண்டாக்கிய அம்மாள் மிகச் சின்ன உருவமாம். அவர் எடைக்குச் செதுக்கிய கல் அது.

கூடையில் ஏறுகிறவர் தோழிக்குச் சமமாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால், வலக்கையில் தூக்குவிளக்கைப் பிடித்துக்கொண்டு, பாறையோடு தொங்கும் பிடிகயிற்றை இடக்கையால் இழுத்து இழுத்துத் தானே மேலே போய்விடலாம். கனம் கூடினால் கூடை கிளம்பாது. குறைந்தால் தோழி இறங்கிக் கூடையைத் தூக்கியடிப்பாள். வேறு யாரும் இழுத்துவிடக் கூடாது என்பது மடத்து வழக்கம். கயிறு பார்க்கும் அர்த்தநாரி, ஆபத்துக்கென்று ஒரு காவல் கயிற்றை மட்டும் தளர்வாகப் பிடித்திருப்பார்.

பதினாறு வருடம் ஏறிய நல்லம்மாளுக்கு இந்த ஆடி மாதம் கண்ணில் புரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமமான ஆள் கிடைக்காத வருடம் விளக்கைப் பாறையடியிலேயே ஏற்றிவிடுவார்கள். அப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களில் அந்த இரண்டு வருடங்களைப் பற்றி இன்றும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

சேதி கேட்ட அன்றே பாவாயி குருவின் முன்னால் போய் நின்றாள்.

"நான் ஏறட்டுமுங்களா சாமி?"

"ஏன் டீச்சர்?"

"எட்டாததை எடுக்க அடுத்தவங்களக் கூப்பிட்டே காலம் போயிருச்சுங்க. குள்ளமா இருந்தாத்தான் ஆகும்னு இந்த உலகத்துல ஒரே ஒரு வேலைதான் இருக்குது. அது நம்ம மடத்துக்குப் பின்னாலயே இருக்குது. அதையும் உட்டுரோணுமுங்களா?"

வாணி சாமி சிரித்துவிட்டார்.

"வாங்க, தோழிகிட்டக் கேட்போம்."

ஒத்திகைக்கென்று பாறையடி வேப்பமரத்தின் கிளையில் தாழ்வாக இன்னொரு கப்பி உண்டு. தோழியைக் கொண்டுவந்து அதில் மாட்டினார்கள். பாவாயி கூடையில் ஏறி உட்கார்ந்தாள். கூடை அசையவில்லை. அர்த்தநாரி தோழியின் பக்கம் ஒரு சாக்கைக் கட்டி, அதில் உரித்த தேங்காய்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். எடை பார்க்க மடத்தில் அதுதான் படிக்கல்.

பத்து போட்டார். பதினைந்து போட்டார். பதினெட்டாவது தேங்காய்க்குத்தான் கூடை தரையை விட்டு எழுந்தது.

"பதினெட்டுத் தேங்காய் சாஸ்திங்க்கா," என்றார் அர்த்தநாரி. அவர் ஆறடி ஆள். அத்தனை உயரத்திலிருந்து சொன்னதால் இன்னும் இளக்காரமாகக் கேட்டது.

பாவாயிக்குச் சுருக்கென்றது. அன்றே விரதம் எடுத்தாள். ஒரு வேளை கம்பங்கூழ், ஒரு வேளை கீரை, ராத்திரிக்கு மோர். அவ்வளவுதான். தன் கையால் மடத்துக்கே சமைத்துப் போட்டுவிட்டு, வடை வாசம் வரும் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் போய் உட்கார்ந்துகொள்வாள். இதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆவணியில் பதினாலு தேங்காய். புரட்டாசியில் ஒன்பது. ஐப்பசி பிறந்தபோது நாலு. அடிவாரத்து டீக்கடை வரைக்கும் பேச்சுப் பரவிவிட்டது. மலைக்கு வருகிறவர்கள் சாமி கும்பிடுவதற்கு முன்னால், "பாவாயம்மாளுக்கு இன்னிக்கு எத்தனை தேங்காய்?" என்றுதான் கேட்டார்கள்.

ஐப்பசி பௌர்ணமி அன்று காலை, சாக்கு காலியாகத் தொங்கியது. பாவாயி கூடையில் உட்கார்ந்து, வேப்பங்கிளையை ஒரு விரலால் இழுத்தாள். கூடை மேலே வந்தது. விட்டாள். விட்ட இடத்திலேயே நின்றது.

"வந்துட்டனுங்க!" என்று கூடைக்குள்ளேயே குதித்தாள். நல்லம்மாள் குலவையிட்டாள். பதினெட்டுத் தேங்காயையும் உடைத்தார்கள். அன்று மடத்தில் தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால், தேங்காய்ச் சோறு. கார்த்திகை தீபத்துக்கு ஒரு மாதம் இருந்தது. விரதம் முடிந்தது என்று பாவாயியும் பந்தியில் உட்கார்ந்தாள்.

வினை அங்கேதான் தொடங்கியது.

மடத்துப் பந்தியில் ஆளுக்கு நாலு கரண்டிச் சோறு. இது பாவாயி வந்த பிறகு அவளே வைத்த சட்டம். மடத்தில் எல்லாரும் சமம், அதனால் கரண்டியும் சமம். கூடக் கேட்கக் கூடாது, இலையில் மிச்சம் வைக்கக் கூடாது. ஆறடி அர்த்தநாரிக்கும் நாலு, நாலடி எட்டு அங்குலப் பாவாயிக்கும் நாலு. அவள் அந்த நாலையும் பருக்கை விடாமல் சாப்பிட்டாள். முப்பத்து மூன்று வருடம் சோறு வீணாகப் பொறுக்காத கை அது.

எட்டாம் நாள் கூடை கிளம்பவில்லை. மூன்று தேங்காய் போட வேண்டியிருந்தது.

பாவாயி பயந்துபோனாள். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பார்த்துப் பார்த்துக் குடித்தாள். மூன்றாம் நாள் போய் உட்கார்ந்ததும் தோழி தடாலென்று இறங்கினாள். கூடை எகிறி, பாவாயியின் நெற்றி வேப்பங்கிளையில் இடித்தது. ஒரு தேங்காய் குறைவு. நெற்றியில் புடைத்திருந்தாலும் அவளுக்கு ஏக சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் நாலு கரண்டியும் அதன்மேல் ஒரு போளியும் சாப்பிட்டாள். இரண்டாம் நாள் மறுபடி மூன்று தேங்காய்.

அப்புறம் அவள் வேப்பமரத்தை விட்டு நகரவே இல்லை. எழுந்ததும் ஒரு தடவை, குளித்ததும் ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை.

"தல முடி ஈரமா இருக்குதுங்க. அது ஒரு அரைத் தேங்காய் இருக்குமுங்களா?"

அர்த்தநாரி கயிற்றைக் கீழே போட்டார்.

"ஏனுங்க்கா, இது கப்பியா, உங்க ஊட்டு ஊஞ்சலா?"

அன்று சாயங்காலம் பாவாயி குருவிடம் போனாள். நெற்றியில் புடைப்பு, கண்ணில் தண்ணீர்.

"சாமி, பதினெட்டுத் தேங்காயைக் குறைக்க எனக்குத் தெரிஞ்சுதுங்க. குறைச்ச எடத்துல நிக்கத்தான் தெரியல. தின்னா ஏறுது, பட்டினி கெடந்தா எறங்குது. இன்னும் பதினேழு நாள்தான் இருக்குது. நிக்கிறது எப்படிங்க?"

வாணி சாமி வேப்பமரத்தைக் காட்டினார்.

"தோழி நிக்கிறாளே. அவளைக் கேளுங்க."

பாவாயி மறுநாள் காலையிலிருந்து கல்லின் எதிரில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். வெயில் ஏறி இறங்கியது. ஓணான் ஒன்று கல்லின்மேல் ஏறி அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனது. சாயங்காலம் திரும்பி வந்தாள்.

"தோழி என்ன சொன்னா டீச்சர்?"

"கல்லுக்குப் பசிக்கிறதில்லீங்க சாமி."

"அப்படீன்னா அவகிட்ட நாம கத்துக்க ஒண்ணுமில்ல. கை கழுவிட்டு வாங்க."

பாவாயிக்கு வந்ததே கோபம்.

"இதைச் சொல்லவா கண்ணு என்னை ஒரு நாள் பூரா வெயில்ல உக்கார வெச்ச?"

"இதை நான் சொல்லலையே. நீங்கதான் சொன்னீங்க," என்றார் வாணி சாமி. "நாளைக்கு மத்தியானம் நான் பந்திக்கு வரேன்."

மறுநாள் மணி பன்னிரண்டரை. பாவாயி சோற்று அண்டாவைத் திறந்து கரண்டியோடு நின்றாள். வாணி சாமி உள்ளே வந்தார். கையில் இலை இல்லை. நசுங்கின அலுமினியத் தட்டு ஒன்று இருந்தது.

"யாரும் உக்காராதீங்க," என்றார். "இன்னிக்கு இது மடம் இல்ல, அடிவாரத்துப் பள்ளிக்கூடம். மணி அடிச்சாச்சு. ஆளுக்கொரு தட்டு எடுத்து வரிசையில நில்லுங்க."

இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஐம்பதுக்குக் குறைந்தவர்கள் அதில் மூன்றே பேர். ஆனால் வரிசை என்றதும் அவர்களுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். நல்லம்மாள் தட்டில் தாளம் போட்டாள். பின்னாலிருந்து யாரோ அவள் முந்தானையை இழுத்தார்கள்.

"டீச்சர், இவன் தள்றான்!"

"டீச்சர், எனக்கு முட்டை?"

"முட்டை நாளைக்கு! தள்ளாம நில்லுங்கடா!" என்றாள் பாவாயி. குரல் தானாக வந்தது. சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பந்தி முழுக்கச் சிரித்தது.

"டீச்சர்," என்றார் வாணி சாமி. "கரண்டியை எண்ணாதீங்க. பிள்ளைகளைப் பார்த்துப் போடுங்க. பள்ளிக்கூடத்துல போட்ட மாதிரி."

முதலில் நல்லம்மாள் வந்து நின்றாள். பாவாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கரண்டி இரண்டு தடவை போய், மூன்றாவது தடவை பாதியோடு நின்றது. கை தயங்கவே இல்லை. அடுத்தவருக்கு மூன்று. அதற்கடுத்தவருக்கு மூன்றரை. தட்டு நகர நகரக் கரண்டியும் வேகம் பிடித்தது. முப்பத்து மூன்று வருடப் பழக்கம், இரண்டு வருடச் சட்டத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு ஓடியது.

அர்த்தநாரி வந்து நின்றார். பாவாயி அண்ணாந்து பார்த்தாள்.

"நீ எட்டாவது ரெண்டு தடவை பெயிலானவனா?"

"ஆமாங்க டீச்சர்," என்றார் அர்த்தநாரி, தலையைக் குனிந்துகொண்டு.

ஆறு கரண்டி விழுந்தது. அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு வருசமா பந்தி முடிஞ்சதும் ஒளிஞ்சு நின்னு வாழைப்பழம் தின்னுட்டிருந்தனுங்க்கா. இன்னைக்குத்தான் நம்ம மடத்துல வயிறு நெறையப் போகுது."

பாவாயியின் கை நின்றது.

"சாமி, இது சமமில்லீங்களே."

"பள்ளிக்கூடத்துல மட்டும் ஏன் டீச்சர் இப்படிப் போட்டீங்க?"

"அங்க எல்லாப் புள்ளைக்கும் வயிறு நெறையோணுமுங்க."

"இங்க?"

பாவாயி கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். வாணி சாமி தன் தட்டை நீட்டி மூன்றரைக் கரண்டி வாங்கிக்கொண்டார். அதைக் கீழே வைத்துவிட்டு, பாவாயியின் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். ஒரு தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"வரிசையில ஒரு பிள்ளை பாக்கி."

பாவாயி தட்டோடு நின்றாள். எல்லாரும் பார்த்தார்கள். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் அண்டாவின் இந்தப் பக்கம் அவள் நின்றதே இல்லை.

"எந்த வகுப்பு டீச்சர் இந்தப் பிள்ளை?"

பாவாயி தன்னைத்தானே குனிந்து பார்த்தாள். கால், முழங்கால், சின்னச் சின்னக் கை.

"அஞ்சாவதுங்க."

"அஞ்சாவதுக்கு எத்தனை?"

"ரெண்டரை. கீரை, பொரியல் எத்தனை கேட்டாலும் போடலாமுங்க."

"நாலு போட்டா?"

"திங்க முடியாம முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்குமுங்க. நான் வெய்வேன்னு பயந்துட்டு எப்படியோ தின்னு முடிச்சிரும். அப்புறம் கணக்குப் பாடத்துல தூங்கும்."

"நாலு தின்ன பிள்ளைக்கு மறுநாள் ஒண்ணும் போடாம வெளிய நிறுத்தினா?"

பாவாயி பதறிவிட்டாள்.

"அதெப்படிங்க? பச்சைப் புள்ளைய யாராச்சும் பட்டினி போடுவாங்களா?"

சொல்லி முடித்ததும் அவள் கை தானாக நெற்றிப் புடைப்புக்குப் போனது. வாணி சாமி இரண்டரைக் கரண்டி போட்டார். கீரையை அள்ளிப் பக்கத்தில் வைத்தார்.

அன்று முதல் மடத்துப் பந்தியில் கரண்டி மாறியது. பாவாயி அண்டாவுக்குப் பின்னால் நின்றாள். தன் முறை வரும்போது தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு மட்டும் குரு போட்டார்.

வேப்பமரத்துக்கும் ஒரு சட்டம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒரு தடவை, அவ்வளவுதான். மற்ற நாளில் கூடை அர்த்தநாரியின் அறையில் பூட்டிக் கிடந்தது.

முதல் வெள்ளி. இரண்டு தேங்காய் சாஸ்தி. பாவாயி கண்ணில் நீர் முட்ட ஓடி வந்தாள்.

"மத்தியானம் சாப்பாடு வேண்டாமுங்க சாமி."

"மணி அடிச்சா எல்லாப் பிள்ளையும் வரிசைக்கு வரணும்," என்றார் குரு.

வந்தாள். இரண்டரை வாங்கினாள். பசித்துப் படுக்கவில்லை, வயிறு முட்டியும் படுக்கவில்லை. பாறையைச் சுற்றி விடிகாலையில் நடந்தாள். பிடிகயிற்றில் இடக்கையைப் பழக்கினாள்.

இரண்டாம் வெள்ளி. சாக்கு காலி. கூடை சமமாக நின்றது. "போளி!" என்று வாய் வரை வந்தது. வாணி சாமி பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டாள்.

"வேணுமா டீச்சர்?"

"ஒண்ணு... ஒண்ணே ஒண்ணுங்க."

"தட்டுல வெச்சுக்கலாம். அரைக் கரண்டிச் சோறு வழி விடட்டும்."

போளியும் கிடைத்தது, இரண்டு கரண்டிச் சோறும் கிடைத்தது. பாவாயிக்கு அன்று பசிக்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் வெள்ளி வருவதற்கு முன்பே கார்த்திகை தீபம் வந்துவிட்டது. ஆக, அன்று அவள் எத்தனை தேங்காய் என்று யாருக்கும் தெரியாது. குருவுக்கும் தெரியாது. பாவாயிக்குச் சுத்தமாகத் தெரியாது.

சுற்றுப்பட்டு ஊர்கள் மொத்தமும் மலைக்கு வந்திருந்தன. பாறையடியில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். பாவாயியிடம் தட்டு நீட்டின பழைய பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அதில் ஒருவன் போலீஸ்காரன். அவனே கூட்டத்தை ஒழுங்கு செய்தான், அவனே எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினான்.

"எங்க சத்துணவு டீச்சர் ஏறப் போறாங்க! வழி உடுங்க!"

மறுபடி பெரிய கப்பியில் தோழியை மாட்டி மேலே ஏற்றியிருந்தார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. நல்லம்மாள் தூக்குவிளக்கை ஏற்றிப் பாவாயியின் வலக்கையில் கொடுத்தாள். பாவாயி கூடைக்குள் கால் வைத்தாள்.

"ஏறுங்க்கா," என்றார் அர்த்தநாரி.

இடக்கையால் பிடிகயிற்றை இழுத்தாள். கூடை கிளம்பவில்லை.

கூட்டம் அடங்கிப்போனது. அர்த்தநாரி கயிற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குருவின் பக்கம் திரும்பினார்.

"ஒரே ஒரு தேங்காய் சாஸ்திங்க சாமி."

பாவாயி கூடையிலிருந்தே குருவைப் பார்த்தாள்.

"நேத்துப் பட்டினி கெடந்திருந்தா சரியா இருந்திருக்குமுங்க கண்ணு!"

"நேத்துப் பட்டினி கெடந்த கையில இப்ப இழுக்க வலு இருக்குமா?" என்றார் வாணி சாமி. "ஒரு தேங்காய்தானே டீச்சர். இழுங்க."

பாவாயி மூச்சைப் பிடித்தாள். அண்டா அண்டாவாகச் சோறு இறக்கின கை அது. பதினைந்து நாளும் வேளைக்குச் சாப்பிட்ட கை. பல்லைக் கடித்து ஒரு இழு இழுத்தாள். கூடை தரையை விட்டது.

"ஏறுது!" என்று போலீஸ்காரன் கத்தினான். அப்புறம் யார் யார் கத்தினார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு இழு, இன்னொரு இழு. கூடை ஆடியது. வலப்பக்கம் ஒரு சாண் போய், இடப்பக்கம் ஒரு சாண் வந்து, ஆடிக்கொண்டே மேலே ஏறியது. எதிரே தோழி அசையாத முகத்தோடு கீழே இறங்கினாள். பாதி வழியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். பாவாயி அவளைப் பார்த்துப் பழிப்புக் காட்டினாள்.

மாடம் அவள் நெஞ்சளவுக்கு வந்தது. யாரையும் கூப்பிடாமல், யார் பையையும் பிடிக்காமல், கையை நீட்டினாள். எட்டியது. மாடத்து விளக்கின் பெரிய திரியில் நெருப்பு பிடித்துப் படபடவென்று எழுந்தது. கீழே அத்தனை பேரும் ஒரே குரலில் சத்தம் போட்டார்கள். தூரத்து ஊர்களில் ஒவ்வொரு வாசலாக அகல்கள் எரியத் தொடங்கியதைப் பாவாயி பார்த்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். அத்தனை தலைகளும் அவளுக்குக் கீழே இருந்தன. அர்த்தநாரிக்கு உச்சியில் வழுக்கை இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இறங்கினதும் அவளை யாரும் நடக்கவிடவில்லை. பழைய பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்காரவைத்தார்கள். பொரி உருண்டை, அப்பம், வடை, பாயசம். அண்டா அண்டாவாகச் சோறு. பாவாயி பழைய அலுமினியத் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வாணி சாமி கரண்டியோடு வந்தார். ஒரு பொரி உருண்டையை வைத்தார். இரண்டரைக் கரண்டி போட்டார்.

பாவாயி அண்ணாந்து பார்த்தாள்.

"தீபம் ஏத்தியாச்சுங்க சாமி."

"ஏத்தியாச்சு டீச்சர்."

"நாளைக்குக் கூடை இல்லை. வேப்பமரம் இல்லை. நாளைக்கும் ரெண்டரைதானுங்களா?"

"நாளைக்கும் பள்ளிக்கூடம் உண்டே."

"அடுத்த வருசமும்?"

"ம்."

பாவாயி பொரி உருண்டையைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் எத்தனை வருசத்துக்குத்தான் கண்ணு அஞ்சாம் வகுப்பு?"

வாணி சாமி கரண்டியை அண்டாவில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நானும் அஞ்சாம் வகுப்புல உங்ககிட்ட ரெண்டரைதான் வாங்குனேன் டீச்சர். ஒரு நாளாவது பசியோட ஊட்டுக்குப் போயிருக்கேனா?"